இரண்டு நாள் இளைப்பாறுங்கள்



வீடு மந்திரிக்கச் செல்லும் பங்குக் குருவின் கண்ணில் படுவன பல. குறிஞ்சிப்பாடியில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தபோது, தீர்த்தம் தெளித்துக்கொண்டே சமையற்கட்டு வரை சென்றேன். அங்கே நான்கு தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. வீட்டுத் தலைவர் ஒரு தொழிற்கூடத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. மகள் மேல்நிலைப் பள்ளி மாணவி. விடியுமுன் தனிவகுப்புக்குச் சென்று இருட்டிய பின் திரும்புகிறாள். மகன் விளையாடிவிட்டு வந்த நேரத்தில் உண்கிறான். தாய் அக்கம்பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் உண்டபின் நின்றுகொண்டே மீதியை உண்கிறார். ஒரே கூரையின் கீழ் நால்வர். நான்கு வேளைகளில் நான்கு தட்டுகள்.

ஜெபம் முடிந்து அமர்ந்திருந்தபோது அந்தக் குடும்பத் தலைவர் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். "எங்க கொழுந்தியா இங்கிலாந்துல நர்ஸா இருக்கு சாமி. ரெண்டு நாள் லீவுல பாத்துன்னு ஒரு ஊருக்குக் குடும்பத்தோட போயிட்டு வந்தாங்களாம். வெந்நீர் ஊத்து, பழைய கோயில், நல்ல சாப்பாடு. நமக்கு எங்க சாமி அந்தக் கொடுப்பினை? ஊட்டி, கொடைக்கானல்னாலே கடன் வாங்கணும்" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள்தான், "தூரமெல்லாம் வேண்டாம் சாமி. அப்பா ரெண்டு நாள் லீவு போட்டா போதும்" என்றாள்.

அந்தப் பெண்ணின் சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. அன்று அக்குடும்பத்திற்கு நான் சொன்ன பயணத் திட்டத்தையே, இத்தகைய நிலையிலுள்ள ஏனைய குடும்பங்களுக்கும் உதவும் என்னும் எண்ணத்துடன் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வெந்நீர் ஊற்றின் நகரம்

முதலில் அந்தப் புகைப்படத்து ஊரைப் பற்றிச் சிறிது கூறுவோம். இங்கிலாந்தின் தென்மேற்கே ஏவன் ஆற்றங்கரையில் அமைந்தது பாத் நகரம். குளியல் என்பதே அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 46 பாகை வெப்பத்துடன் நாள்தோறும் பத்து இலட்சம் லிட்டருக்கும் மேலான நீர் அங்கே மண்ணிலிருந்து தானாகப் பொங்கி வருகிறது. முதல் நூற்றாண்டிலேயே உரோமையர் அவ்வூற்றைச் சுற்றிக் குளங்களும் கோயிலும் எழுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் முடக்குவாதமும் மூட்டுவலியும் தீருமென நம்பி அங்கே திரண்டனர். ஊற்றுநீரைக் குவளையில் வாங்கிக் குடிப்பதும், ஆற்றோரம் உலாவுவதும், ஊர்ப்பெயரையே தாங்கிய இனிப்பு ரொட்டியை உண்பதும், அருகிலுள்ள பழைய ஆலயத்தில் ஜெபிப்பதும் அவர்களது நாளாந்த ஒழுங்காயின. உரோமையரின் குளத்தில் இன்று எவரும் இறங்குவதில்லை. அது காட்சிக்கு மட்டுமே. 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய நிலையத்தில்தான் மக்கள் அந்நீரில் ஆடுகின்றனர்.

அந்நகரின் வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அந்நீரின் பயன் ஏழை நோயாளிகளுக்கும் கிட்ட வேண்டுமென்று 1742-ஆம் ஆண்டில் அங்கே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஓய்வும் நலமும் பணம் படைத்தோரின் தனிச் சொத்து அல்ல என்பதை அந்நாளிலேயே சிலர் உணர்ந்திருந்தனர்.

இறைவனின் சட்டமோ அதற்கு வெகு காலம் முன்பே இதனைக் கூறிவிட்டது. ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரப்பட்டதன்று. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் கூட அது ஓய்வு தருகிறது. இறைவாக்கினர் எலியா சோர்ந்து, சாவை வேண்டி ஒரு செடியின் நிழலில் படுத்துவிட்டபோது, ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; உடனே புதிய கட்டளையும் தரவில்லை. தூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்க விட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே மலைக்கு அழைத்தார். களைத்த மனிதனுக்கு அறிவுரைக்கு முன் ஆகாரமும் உறக்கமும் வேண்டுமென்பது விண்ணகத்தின் தீர்ப்பு.

எனவே அந்தக் குடும்பத்திற்கு நான் விதித்த முதல் விதி இது: இரண்டு நாளும் வீட்டுத் தாய் அடுப்படியில் நிற்கக்கூடாது. வெள்ளி இரவே தந்தையும் பிள்ளைகளுமாகப் புளிச்சோறு கிளறிக் கட்டுச்சோறு கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாம் விதி: இரண்டு நாளும் எந்த வேளை உணவையும் நால்வரும் ஒன்றாக அமர்ந்தே உண்ண வேண்டும். இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்வோர் மேலே படிக்கலாம்.

சனிக்கிழமை: கிழக்கு நோக்கி

விடியற்காலையில் புறப்பட்டு வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் செல்லுங்கள். காலை உணவு அங்கேதான். சிதம்பரம் வரை சென்று கொத்சு உண்ணாமல் திரும்புவது அவ்வூருக்குச் செய்யும் அவமரியாதை. கத்தரிக்காயும் புளியும் வறுத்தரைத்த மசாலாவும் சேர்ந்த அந்தக் குழைவான தொடுகறியை இட்லியுடன் தருவார்கள். மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்திற்கு அது பிரியாத துணை. பெரிய உணவகம் தேட வேண்டியதில்லை. உள்ளூரார் கூட்டமாய் அமர்ந்து உண்ணும் கடையே நல்ல கடை. நுழையும்போதே கொத்சு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்டபின் நகரின் வீதிகளில் நடந்து கோபுரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாட்டிய நூல் கூறும் 108 கரணங்களையும் கல்லில் செதுக்கிய அச்சிற்பிகளின் பொறுமையை அவர்கள் அறியட்டும். 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தையும் வெளியிலிருந்தாவது காட்டுங்கள். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளுக்கு அந்தக் காட்சி பல அறிவுரைகளைவிட மேலான தூண்டுதலாகலாம்.

வெயில் ஏறுமுன் பிச்சாவரம் செல்லுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஆறும் கடலும் கலக்கும் உப்பங்கழிகளில், நீருக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் காடு அது. துடுப்புப் படகில் ஏறி நுழைந்தால் இருபுறமும் கிளைகள் வளைந்து பந்தலிடும் குறுகிய கால்வாய்கள் வரும். சுரபுன்னை மரங்கள் தரையில் கால் ஊன்றுவதுபோலப் பல வேர்களை வளைத்து நிறுத்தியிருக்கும். வெண்கண்டல் மரங்களோ மூச்சு விடுவதற்காகவே வேர்களை ஈட்டிகளைப்போல் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும். உப்பும் சேறும் நிறைந்த இடத்தில் வேறெந்த மரமும் பிழைக்காத நிலையில், இவை ஒன்றையொன்று பின்னிப் பிணைந்து நின்று பிழைக்கின்றன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டு மரங்களுள் ஒன்றே. அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும். பிள்ளைகள் கிளைகளை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1975-ஆம் ஆண்டில் வெளிவந்த இதயக்கனி திரைப்படத்தில் இக்காட்டைக் கண்டதாகப் பெரியவர்கள் கூறுவார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிறன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், கடல் எழுந்து வந்தபோது, இக்காட்டின் பின்புறமிருந்த ஊர்களை நோக்கி வந்த அலையின் வேகத்தை இம்மரங்கள் தணித்தன. காடு மறைக்காத கரையோரங்களில் உயிர்கள் மடிந்தன. இக்காடு 2022-ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காகிதத்தையும் நெகிழிப் பையையும் அந்நீரில் எறியாமல் திரும்புவது நாம் செலுத்த வேண்டிய நன்றி.

நண்பகல் உணவுக்குக் கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். கையில் சிறிது பணமிருந்தால் கிள்ளைப் பக்கத்தில் மீன்குழம்பும் நண்டும் இறாலும் அன்றைய வலையில் கிடைத்ததைக் கொண்டு சமைத்துத் தருவார்கள். தந்தையார் தமக்கு வந்த பெரிய துண்டைத் தம் மனைவியின் இலையில் வைக்கட்டும். பிள்ளைகள் அதனைப் பார்க்கட்டும். இல்லறம் பற்றி நான் பீடத்தில் நின்று ஆற்றும் மறையுரையைவிட அது நன்றாகப் புரியும்.

மாலையில் வீடு திரும்பிவிடுங்கள். விடுதிச் செலவு மிச்சம். ஆயினும் விதியை மறவாதீர்கள்: இரவுக்கு அடுப்பு மூட்டக்கூடாது. வழியில் வாங்கிய இட்லியோ மீதமுள்ள புளிச்சோறோ போதும். குடும்ப ஜெபமாலையை முடித்து, தொலைக்காட்சியைத் திறக்காமல் உறங்குங்கள்.

ஞாயிறு: மேற்கு நோக்கி

ஞாயிற்றுக்கிழமை முதற் கடமை திருப்பலி. பயணத்தைச் சாக்கிட்டு அதனைத் தவிர்ப்போர்க்கு என் பயணத் திட்டம் உதவாது. காலைப் பூசை கண்டு, நால்வரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, நற்கருணை வாங்கியபின் வடலூருக்குப் புறப்படுங்கள். பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமே. அருகில் இருப்பதாலேயே நம்மில் பலர் அதனை உள்ளே சென்று கண்டதில்லை.

1823-ஆம் ஆண்டில் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். நாட்டில் பஞ்சத்தின் நிழல் படிந்திருந்த காலம் அது. பசித்து வருவோர் எவராயினும் சாதி, சமயம் கேளாமல் உணவிட வேண்டுமென்று அவர் மூட்டிய அடுப்பு அன்றுமுதல் அணைக்கப்படாமல் எரிந்து வருகிறது. அரசுகள் மாறின, பஞ்சங்கள் வந்து போயின, அந்த அடுப்பு மட்டும் அணையவில்லை. ஒளி வழிபாட்டிற்காக அவர் எழுப்பிய சத்திய ஞான சபையில் 1872-ஆம் ஆண்டு தைப்பூசம் முதலாக ஏழு திரைகளை விலக்கி ஒளி காட்டப்படுகிறது.

கத்தோலிக்கர் அங்கே செல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஏனைய சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்பது இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் நமக்குக் கற்பித்த பாடம். இறுதித் தீர்ப்பு நாளில் நடுவர் நம்மிடம் கேட்கப் போவதாக மத்தேயு நற்செய்தி கூறும் கேள்விகளுள் முதலாவது பசித்தவருக்கு உணவளித்தோமா என்பதே. அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அடுப்பு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதனருகே தலை தாழ்த்தி நிற்பதில் நமக்கு இழுக்கொன்றுமில்லை.

அங்கே உண்ணுங்கள். ஆனால் அது உணவகம் அன்று என்பதை மறவாதீர்கள். பசியோடு வந்திருக்கும் முதியவர்க்கும் வழிப்போக்கர்க்கும் முதலில் இடம் விட்டு, பந்தியில் அவர்களோடு தரையில் அமருங்கள். இலையில் ஒரு பருக்கையும் வீணாக்காதீர்கள். புறப்படும்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசியைப் பிள்ளைகளின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். தம் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கு முன்பின் அறியாத ஒருவரின் இலைக்குப் போவதைப் பிள்ளை ஒருமுறை தன் கண்ணால் காண வேண்டும்.

அங்கிருந்து நெய்வேலி. பாத் நகரத்து ஊற்றைக் கண்டு பெருமூச்சு விட்ட அன்பருக்கு நான் நினைவூட்டியது இதுதான்: நம் காலடியிலும் நீர் தானாக மேலெழுகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே பழுப்பு நிலக்கரியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணலடுக்கில் அடைபட்டிருந்த நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேற்கேயுள்ள செம்மண் மேட்டில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கி, களிமண் அடுக்கின்கீழ் சிக்குண்டு கொள்ளும் அழுத்தம் அது. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து அந்நீரை இரவும் பகலும் இறைத்த பின்னரே 1961-இல் நிலக்கரியைத் தொட முடிந்தது. ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் இறைக்கப்படுகிறது. அந்நீரில் ஒரு பகுதி நம் வட்டாரத்து வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பாய்கிறது.

சுரங்கத்திற்குள் செல்ல முன்அனுமதி வேண்டும். அது கிட்டாவிடினும், மலைகளைப்போல் எழுந்து நிற்கும் மண்மேடுகளையும், மரங்கள் அடர்ந்த நகரிய வீதிகளையும் காணலாம். அங்கே நின்று பிள்ளைகளிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். நம் வீட்டு விளக்கு எரிவதற்காக இரவெல்லாம் கண்விழிப்போர் உண்டு. அப்பாவைப்போன்ற பல்லாயிரம் பேர். இந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் முன்பு வீடும் வயலும் கோயிலும் இருந்தன; அவற்றை விட்டுப் பெயர்ந்தவர்களும் உண்டு. விளக்கின் ஒளியை அனுபவிப்போர் இவ்விருவரையும் மறத்தல் ஆகாது.

அன்னையின் முற்றத்தில்

மாலைப்பொழுது கோணான்குப்பத்திற்கு உரியது. விருத்தாசலம் வழியாகச் செல்லலாம். பலாப்பழக் காலமாயின் வழியெங்கும் பலாச்சுளை கிடைக்கும்; வறுத்த முந்திரி எக்காலமும் உண்டு. இரண்டும் நம் செம்மண்ணின் செல்வங்கள்.

1680-இல் இத்தாலியில் பிறந்து, சேசு சபைத் துறவியாய்த் தமிழகம் வந்து, 1747-இல் மறைந்த வீரமாமுனிவர் எழுப்பிய திருத்தலம் அது. அங்கே பெரியநாயகி அன்னை ஐரோப்பிய அரசியாக இல்லை. சேலை உடுத்த தமிழ்த் தாயாக, கையில் குழந்தையை ஏந்தி நிற்கிறார். தொலைநாட்டிலிருந்து வந்த முனிவர், தேவ அன்னையை நம் வீட்டுப் பெண்ணின் கோலத்திலேயே காண விரும்பினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தவரும் அவரே. 1726-இல் அவர் நிறைவு செய்த தேம்பாவணிக் காப்பியத்தின் தலைவர் யாரென எண்ணிப் பாருங்கள்: முடிமன்னரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர், தம் உழைப்பால் மனைவியையும் பிள்ளையையும் காத்த தச்சர் சூசையப்பர். ஷிப்டு முடிந்து உடல் நோக வீடு திரும்பும் ஒவ்வொரு தந்தையும் இதனை அறிந்திருத்தல் நன்று.

அந்த முற்றத்தில் அமர்ந்து ஜெபமாலை சொல்லுங்கள். பின்னர் இருப்பதைப் பகிர்ந்து உண்டு வீடு திரும்புங்கள்.

திரும்பி வந்தபின்

அக்குடும்பத்தார் சென்று வந்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைச் சந்தித்தனர். மகன் படகைப் பற்றியும் மண்மேட்டைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசினான். மகள் பல்கலைக்கழகத்து வாயிலில் எடுத்த புகைப்படத்தைக் காட்டினாள். தந்தை, புளிச்சோற்றில் உப்பு கூடிவிட்டதென்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

எல்லாரும் பேசி முடித்தபின் தாய் மெல்லச் சொன்னார்: "ரெண்டு நாளும் எனக்குப் பரிமாறினாங்க சாமி. வடலூர்ல உட்காரவச்சு இலை போட்டப்போ அழுகை வந்திடுச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் நான் உட்கார்ந்து, இன்னொருத்தர் சோறு போட்டு, எப்போ சாப்பிட்டேன்னு நினைச்சுப் பார்த்தேன்."

தந்தை தலை குனிந்து நின்றார். பின்னர், "இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் எந்த ஷிப்டா இருந்தாலும் ஒண்ணா சாப்பிடுறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம் சாமி. ராத்திரி வேலை முடிச்சுத் தூங்கினாலும் எழுப்பிடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, பாத் நகரத்து வெந்நீர் நமக்கு எட்டாமற் போகலாம். ஆனால் ஒரு நாள் பயணத்தொலைவுக்குள் கடல் கலக்கும் காடும், அணையாத அடுப்பும், தானே எழும் நீரும், சேலை உடுத்த அன்னையும் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. வரும் விடுமுறையில் இரண்டு நாள்களை ஒதுக்குங்கள். இரண்டு நாள் இயலாதோர் ஒரு நாளாவது செல்லுங்கள். அதுவும் இயலாதெனில், இந்த ஞாயிறு நண்பகலில் உங்கள் வீட்டிலேயே ஒரு பாயை விரித்து, அம்மாவை முதலில் அமரச் செய்து, மற்றவர்கள் பரிமாறுங்கள். நாசரேத்து வீட்டில் ஒன்றாக அமர்ந்து உண்ட திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் பந்தியிலும் தங்குவதாக.